விட்டுவைத்த மரங்கள்

துறை

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவில் தாவரவியற் பூங்கா என்று ஒன்று கிடையாது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் சுண்ணக்கல் நிலம், அதன்மேல் மெல்லிய மண், நீண்ட கோடை, ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. இத்தகைய இடத்தில் ஒரு மரம் நூறு வருடம் நிற்கிறதென்றால் யாரோ அதை நிற்கவிட்டிருக்கிறார்கள். அந்த யாரோவை அறியத்தான் இந்தத் தீவை ஒரு பழைய பூங்காவாகப் பாவித்துச் சுற்றிப் பார்க்க வந்தேன்: ஒரு மரத்தடியில் நிற்பது, அது வந்த வழியைக் கேட்பது, வெட்டுப்படாமல் தப்பிய காரணத்தை யோசிப்பது, பிறகு அடுத்த மரத்துக்கு நடப்பது.

குறிகட்டுவான் படகுத்துறையில் இரண்டு வரிசை. நயினாதீவுக்குப் போகிறவர்கள் பூத்தட்டும் வெள்ளை உடுப்புமாக நிற்பார்கள். அவர்களுக்குக் கொஞ்ச நேரப் பயணம். நெடுந்தீவு வரிசையில் சீமெந்து மூட்டை, காஸ் சிலிண்டர், பாண் பெட்டி, கால் கட்டிய கோழி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியர்கள். எங்களுக்கு ஒரு மணி நேரக் கடல். சோளகம் வீசும் ஆனி மாதத்தில் அந்த ஒரு மணி நேரம் நீளும்.

1985 மே 15 அன்று இந்தக் கடலில், குமுதினிப் படகில் போன பயணிகள் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் அவர்களுக்கு ஒரு நினைவுத்தூபி நிற்கிறது. தீவுக்குள் கால் வைக்கிற எவரும் முதலில் கடப்பது அதைத்தான்.

வழி காட்டியவர்

எனக்கு வழி காட்டியவர் எழுபதைத் தாண்டிய ஒரு கமக்காரர். பேரன் ஓட்டோ ஓட்ட, ஐயா என்னோடு பின்னுக்கு இருந்தார். அவர் வரலாறு சொல்லவில்லை. நான் கேட்டால் மட்டும் பதில் வந்தது; அதுவும் பெரும்பாலும் எது எதற்கு உதவும், எது உதவாது என்பதாகவே இருந்தது. மரத்தை அறிந்தவர்களின் பேச்சு அப்படித்தான் போலும். பெயர் கடைசியில் வரும். விறகு, நிழல், தீன், மருந்து எல்லாம் முதலில் வந்துவிடும்.

கல்வேலி

யாழ்ப்பாணத்தில் வளவைச் சுற்றிக் கிளுவைக் கதியால் நட்டு ஓலை வரிவார்கள். இங்கே வேலி முழுதும் முருகைக்கல். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லின் மேல் கல், இடுக்கில் சின்னக் கல். நிலத்தைப் பயிருக்கு வெளியாக்கும்போது தோண்டி எடுக்கிற கல்லுக்கு ஒரு போக்கிடம் வேண்டும், அது வேலியாயிற்று. மண்ணிலிருந்து கல்லைப் பிரித்ததால் ஒரு பக்கம் தோட்டமும் மறுபக்கம் மதிலுமாக, ஒரே வேலையில் இரண்டு விளைந்தன.

கற்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது. காற்று அதனூடே வேகம் தணிந்து நுழைகிறது. முழுதாக அடைத்த மதில் சோளகத்தில் சரிந்தாலும் சரியும், இது சரியாது. "உதிலை கை வையாதேங்கோ தம்பி, கொடுக்கான் கிடக்கும்" என்றார் ஐயா. சொல்லிக்கொண்டே, விழுந்து கிடந்த ஒரு கல்லைத் தான் எடுத்து வைத்தார். வளவு அவருடையதல்ல.

இந்தத் தீவில் மரம் வளர்ப்பின் முதல் வேலை இதுதான் என்று தோன்றியது. ஆடும் மாடும் குதிரையும் கட்டற்று மேயும் இடத்தில் விதை முளைப்பது பெரிய காரியம் இல்லை. முளைத்தது இரண்டாவது இலை விடும்வரை தப்புவதுதான் காரியம். வேலிக்குள் விழுந்த வேப்பங்கொட்டை மரமாகிறது. வெளியே விழுந்தது தீனாகிறது. தோட்டக்காரனின் கை அங்கே கன்றைத் தொடுவதே இல்லை. சரிந்த கல்லைத் திரும்ப வைக்கிறது, அவ்வளவுதான்.

பெருக்கு

பெருக்குமரம் ஆபிரிக்காவுக்குரியது. மன்னார்க் கரையிலும் இங்கேயும் நிற்பவற்றை அராபிய வணிகர் கொண்டுவந்தார்கள் என்பது நெடுநாளைய பேச்சு. மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் மரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். ஐரோப்பியத் தாவரவியலில் பெருக்கின் பேரினத்துக்கு மிஷேல் அடன்சனின் பெயர் கிடைத்தது. 1749 இல் செனகலுக்குப் போய் இந்த மரத்தைப் பார்த்து விவரித்த பிரெஞ்சுக்காரர் அவர்.

நெடுந்தீவுப் பெருக்கின் அடியில் ஒரு வாசல் இருக்கிறது. குனிந்து உள்ளே போனால் நிமிர்ந்து நிற்கலாம். சோளக மாதத்தில் மேலே இலை இல்லை. பருத்த சாம்பல் நிற உடலும், அதற்குப் பொருந்தாத மெலிந்த கொப்புகளுந்தான். உடலில் நீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு மழை வரும்வரை இலைச் செலவைக் குறைக்கிற மரம் அது.

இதை ஏன் ஒருவரும் வெட்டவில்லை என்று கேட்டேன்.

"உதை வெட்டி என்ன செய்யிறது? அடுப்புக்கும் உதவாது, கூரைக்கும் உதவாது."

பெருக்கின் உடல் பஞ்சுத்தன்மையானது. பலகை அறுக்க முடியாது, விறகாக்கவும் முடியாது. ஆபிரிக்காவில் அதன் பட்டையை உரித்துக் கயிறு திரிப்பார்கள். உரித்த இடத்தில் பட்டை மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் ஒன்றுக்கும் உதவாததை எல்லாம் மனிதர் விட்டுவைப்பதில்லை. இடத்தை அடைக்கிறது என்று நெருப்பு வைப்பதும் உண்டு. இந்த மரம் அதற்கும் தப்பியிருக்கிறது. போர்த்துக்கேயர் போனார்கள், 1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795 இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. எத்தனை பேரின் ஆடுகள் இதன் நிழலில் படுத்திருக்கும். அத்தனை பேருக்கும் இதைச் சும்மா விட மனம் இருந்திருக்கிறது.

அதே மரம், தாய்நாட்டில்

2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெற்கு ஆபிரிக்கப் பெருக்குகளைப் பற்றிப் பேசியது. வயதில் மூத்த 13 மரங்களில் 9 மரங்கள், முழுதாகவோ அவற்றின் மிகப் பழைய பாகமோ, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துபோயின. சிம்பாப்வேயின் பாங்கே மரம் அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 2450 வயது. வெட்டும் இல்லை, பரவிய நோய் என்று ஒன்றும் தெரியவில்லை. மாறிவரும் வெப்பமும் வறட்சியும் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினார்கள்.

ஆக, கோடரியைக் கையில் எடுக்காமலும் ஒரு மரத்தை விட்டுவைக்காமல் இருக்க முடியும். ஓட்டோவின் புகை எனக்குப் பின்னால் வந்துகொண்டுதான் இருந்தது.

சாயவேர்

விட்டுவைக்கப்படாத ஒன்றையும் இங்கே எண்ண வேண்டும். கால்களுக்குக் கீழே, மணலோடு படர்கிற சின்னஞ்சிறு செடி. பூ வெள்ளை, கண்ணில் படாத அளவு. அதன் மதிப்பு முழுதும் மெலிந்து ஆழமாக இறங்கும் வேரில் இருந்தது. படிகாரம் ஊட்டிய பருத்தித் துணியை இந்த வேர்ச்சாற்றில் கொதிக்கவைத்தால் கழுவினாலும் போகாத சிவப்பு ஏறும். மன்னாரிலும் இந்தத் தீவுகளிலும் கிண்டிய சாயவேர் ஒல்லாந்தக் கம்பனிக்கு வருமானமாக இருந்தது. வேரைக் கிண்டுவது பரம்பரைக் கடமையாகச் சில குடிகள்மேல் ஏற்றப்பட்டது. கிண்டியதைக் கம்பனிக்கே கொடுக்க வேண்டும்.

வேருக்கு விலை வைத்தால் செடி எப்படி மிஞ்சும்? பூவைப் பறித்தால் கொடி மிஞ்சும், இலையைக் கிள்ளினால் கிளை மிஞ்சும். வேரைக் கேட்கிற சந்தைக்கு முழுச் செடியையும் கொடுக்க வேண்டும். சாயவேரைக் கடைசியில் காத்தது யாருடைய இரக்கமும் அல்ல. 1869 அளவில் ஜெர்மன் வேதியியலாளர் இருவர் அதே சிவப்பின் மூலப்பொருளைத் தாரிலிருந்து செய்யக் கற்றார்கள். வேரின் விலை விழுந்தது. கிண்டுவது நின்றது. செடி மறுபடி மணலில் படர்ந்தது, இப்போது அதைப் பெயர் சொல்லி அழைக்க ஆள் குறைவு.

பேராதனை

நெடுந்தீவில் இல்லாத முறையான பூங்காவுக்கு இலங்கையில் முதன்மையான எடுத்துக்காட்டு பேராதனை. அதன் கதை கொழும்பில், 1810 அளவில், கொம்பனித்தெருப் பக்கம் தொடங்கியது. லண்டன் கியூ பூங்காவின் பெயரில் அங்கே இன்றும் கியூ வீதி இருக்கிறது. பிறகு களுத்துறைக்குப் பெயர்ந்து, 1821 இல் பூங்காப் பொறுப்பாளர் அலெக்சாண்டர் மூன் காலத்தில் மகாவலி வளைந்தோடும் பேராதனைக்கு வந்தது. முதலில் நட்டவை பெரும்பாலும் கோப்பியும் கறுவாவும். 1824 இல் மூன் இலங்கைத் தாவரங்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். 1876 இல் கம்பகா ஹெனரத்கொடையில் ஒரு கிளைத் தோட்டம் அமைந்தது. பிரேசிலில் இருந்து கியூ வழியாக வந்த இறப்பர்க் கன்றுகள் வளர்ந்தது அங்கேதான். மலைநாட்டின் முகம் மாறியதற்கும், அங்கே கூலிக்கு வந்த தமிழரின் வாழ்வு திசைமாறியதற்கும் இந்தப் பூங்காக்களின் நாற்றுமேடைகளில் ஒரு பங்கு உண்டு.

பேராதனையில் மரத்தடிக்கு மரத்தடி பலகை. பெரியவர்கள் வந்தபோதெல்லாம் மரம் நட்டிருக்கிறார்கள். 1901 இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியும் நட்ட நாகலிங்க மரம் இன்றும் காய்க்கிறது. நட்டவரின் பெயரும் ஆண்டும் அங்கே இருக்கும். அந்த முதல் வருடங்களில் தண்ணீர் ஊற்றியவரின் பெயர் இருக்காது.

நான் பேராதனையைக் குறை சொல்லவில்லை. ஈரப்பதனும் ஆறும் கூலிக்கு ஆட்களும் உள்ள இடத்தில் நடுவதே வேலையின் பெரும்பகுதி. நெடுந்தீவில் நடுவது ஒரு காலை நேர வேலை. மிச்சம் முழுவதும் அதன் பிறகு வருவது.

கிணறு

சாறாப்பிட்டியில் நல்ல தண்ணீர். தீவின் வேறு இடங்களில் கிணற்று நீர் வாயில் கரிக்கும், இங்கே கரிக்காது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் படித்தவர்களின் கணக்கு. அதன் மறுபக்கத்தையும் அந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது: மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும்.

ஓலைப் பட்டையால் அள்ளிய நாட்களில் கை உளைந்தால் இறைப்பு நிற்கும். துலா மிதித்தவர்களுக்கும் அப்படியே. உடம்பின் களைப்பு கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மோட்டருக்குக் களைப்பு இல்லை. ஆகவே இப்போது நிறுத்துவதை மனம் செய்ய வேண்டியிருக்கிறது.

"கோடையிலை அடிவரை அள்ளப்படாது தம்பி. அள்ளினால் பிறகு மாரி பெய்தும் தண்ணி திரும்பாது" என்றார் ஐயா. அவருக்கு அந்த நாற்பதுக்கு ஒன்று கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

குதிரை

மேய்ச்சல் வெளியில் மட்டக்குதிரைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இங்கே குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி இந்த வளர்ப்பைக் கவனித்தார். லாயத்தின் தூண்கள் இன்னும் இருக்கின்றன. பிறகு குதிரைக்குத் தேவை போயிற்று. வளர்த்தவர்கள் போனார்கள். குதிரைகளை ஏற்றிப்போக ஒருவரும் வரவில்லை.

கோடையில் அவற்றின் விலா எண்ணக்கூடியதாக இருக்கிறது. குளம் வற்றினால் சில இறந்துபோகின்றன. 2015 இல் தீவின் ஒரு பகுதி, 1,800 ஹெக்டேயருக்குச் சற்று மேல், தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வேட்டையைத் தடுக்கும். தாகத்தைத் தடுக்க ஆனி மாதத்தில் ஒருவர் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

இங்கே நான் கொஞ்சம் தடுமாறினேன். காலையிலிருந்து விட்டுவைத்தலைப் பெரிய குணமாக எண்ணிக்கொண்டு வருகிறேன். குதிரையின் முன்னால் அது அவ்வளவு இலேசாக இல்லை. கட்டி வைத்துப் பழக்கிய உயிரை அவிழ்த்துவிட்டுப் போவதும் ஒருவகையில் விடுவதுதான். பெருக்கை விட்டவர் அதன் நிழலில் வந்து இருந்தார், அடுத்த நாளும் வந்தார். குதிரையை விட்டவர் திரும்பிப் பார்க்கவில்லை.

காவல்மரம்

விட்டுவைக்காமல் தேடி வெட்டிய மரமும் உண்டு. பழந்தமிழ் அரசர்களுக்குக் காவல்மரம் இருந்தது. பகைவர் அதைத் தேடி வெட்டினார்கள். கடல் நடுவில் இருந்த பகைவரின் கடம்பை வெட்டியதாகச் சேரன் நெடுஞ்சேரலாதனின் வெற்றியைப் பதிற்றுப்பத்து பேசுகிறது. அந்தப் பழம்பாடல்களில் இயற்கை எப்படி வருகிறது என்பதை உலகுக்கு ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியவர் ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலங்களுக்கே செடிகொடிகளை அடையாளமாக வைத்த மரபு அது. நிலத்தை மரத்தால் அறிந்தவர்களுக்கு, எதிரியின் நிலத்தை எங்கே வெட்டினால் நோகும் என்பதும் தெரிந்திருந்தது.

நம் காலத்துப் போரிலும் மரம் தப்பவில்லை. வடக்கில் பதுங்குகுழிக்குத் தலையிழந்த பனைகள் கொஞ்சமல்ல. பெருக்கை ஒருவரும் கேட்கவில்லை. பனை வைரமானது, கேட்டார்கள். உதவுகிற மரத்துக்குத்தான் ஆபத்து என்று எழுதிவிட்டு அடித்தேன். பனை அப்படி அழிந்துவிடவில்லையே.

பனை

ஏன் அழியவில்லை என்பதைப் பாத்தி சொல்லும். பனங்கொட்டையை மழைக்கு முன் பாத்தியில் அடுக்கி மண் மூடுவார்கள். தை, மாசியில் கிழங்கு பிடுங்குவார்கள். கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒவ்வொரு கிழங்கும் வளராமல் போன ஒரு பனைதான். ஒடியற்கூழ் குடிக்கிற எவரும் ஒரு தோப்பைக் குடிக்கிறார். ஆனால் வேலியோரம் உருண்டுபோன கொட்டை, மாடு சூப்பிவிட்டுப் போட்ட கொட்டை, பிடுங்கத் தப்பிய கொட்டை என்று சில எப்போதும் மிஞ்சும். அவை வடலியாகும். வடலி பன்னிரண்டு, பதினைந்து, இருபது வருடம் ஒன்றும் தராமல் நிற்கும். ஆணா பெண்ணா என்பதுகூடப் பாளை வந்தால்தான் தெரியும்.

ஓலை வெட்டுகிறவரும் குருத்தைத் தொடமாட்டார். சீவுகிறவர் பாளையை மெல்லிய சீவலாகச் சீவுவார். ஆழமாக வெட்டினால் அன்றோடு போச்சு. சாயவேரையும் பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளங்குகிறது: இரண்டிலும் மனிதன் எடுத்தான். ஒன்றில் எவ்வளவு எடுப்பது என்பதைத் தூரத்தில் இருந்த கம்பனி தீர்மானித்தது. மற்றதில் அதன் அடியில் குடியிருந்தவர் தீர்மானித்தார்.

ஆள் இல்லாத வளவு

தீவின் உள்ளே பூட்டிய வீடுகளும் கூரை போன வீடுகளும். ஆட்கள் யாழ்ப்பாணத்தில், கொழும்பில், கனடாவில், பிரான்சில். வேப்பமரம் குந்துக்கு ஊடாக வளர்ந்திருக்கிறது. பூவரசு கிணற்றின் மேல் சாய்ந்து கிடக்கிறது. பார்க்கப் பசுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்வேலி இரண்டு இடத்தில் திறந்து கிடந்தது. உள்ளே முற்றிய மரங்கள் மட்டுமே, முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்றுகூட இல்லை. இந்த மரங்களின் காலத்துக்குப் பிறகு அந்த வளவில் மரம் இராது. ஆள் போனதன் விளைவு மரத்தில் தெரிய நாற்பது, ஐம்பது வருடம் ஆகும் போலும்.

கன்று

திரும்பும் வழியில் ஐயா ஒரு செய்தி சொன்னார். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் காசு அனுப்புகிறார்களாம், மரம் வைக்கச் சொல்லி. நல்ல மனதுதான். கன்றுகள் படகில் வரும். நடும் அன்று கூட்டம் வரும், படம் எடுப்பார்கள். "அடுத்த ஆவணிக்குப் பாத்தால் தடி மட்டும் நிக்கும்."

இந்தத் தீவை ஒரு பூங்காவாகப் பார்த்ததில் நான் கற்றது ஊருக்குக் காசு அனுப்புகிறவர்களுக்குப் பயன்படலாம். நூறு கன்றுக்குக் காசு இருந்தால் இருபது கன்று வாங்கலாம். அதிலும் வேம்பு, பூவரசு, புளி என்று இந்த மண் பழகியவற்றை. மிச்சக் காசில் கல்வேலியின் திறப்பை அடைக்கக் கூலி கொடுக்கலாம். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற, பக்கத்து வளவில் இன்னும் குடியிருக்கிற ஒருவருக்கு மாதச் சம்பளம் போடலாம். படத்தை மூன்றாம் வருடம் எடுத்துக்கொள்ளலாம்.